வள்ளி திருமணத்துக்கு ஸ்லைடு பிலிம்: எந்த ரோல், எம்புட்டு எக்ஸ்போஷர்?

ஒத்தக்கடை_ரீல்:
எல்லாருக்கும் வணக்கம். மேலூருக்கு அங்கிட்டு எங்க அம்மா பொறந்த ஊர்ல சித்திரைல அம்மன் பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைக்கிறாய்ங்க. ஸ்பெஷல் நாடகம்தான், ராத்திரி பத்து மணிக்கு மேல ஹார்மோனியத்துல ஆரம்பிச்சா விடியிற வரைக்கும் ஓடும். வழக்கமா போன்ல எடுத்துட்டு வந்துருவேன், இந்தத் தடவ ஸ்லைடுல (புரொஜக்டர்ல போட்டுப் பாக்குற பாசிட்டிவ் பிலிம்) எடுக்கணும்னு ஒரு கிறுக்கு புடிச்சிருக்கு. காரணம் என்னன்னா எங்க மாமா வீட்டுப் பரண்ல கொடாக் கரோசல் புரொஜக்டர் ஒண்ணு கெடந்துச்சு, தொடச்சுப் பாத்தா பல்பு இன்னும் எரியுது, அடுத்த பொங்கலுக்கு அதே மந்தைல வெள்ளை வேட்டியக் கட்டி எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்டான்னு மாமா சொல்லிட்டாரு, அதான் இங்க வந்து நிக்கிறேன்.

கையில இருக்கது நிக்கான் எஃப்எம்2 கேமரா, 50 எஃப்1.8, 105 எஃப்2.5ன்னு ரெண்டு லென்ஸ். ஒரு மோனோபாட் (ஒத்தக்கால் ஸ்டாண்டு). ரோல் ரெண்டுக்குத்தான் காசு இருக்கு, அதுக்கு மேல சத்தியமா முடியாது.

ஸ்லைடு பிலிம்ல கொடாக் எக்டாகுரோம் ஈ100ஆ, ஃபியூஜி ப்ரோவியா 100எஃப்ஆ? ஃபியூஜியோட வெல்வியா 50 கலர் பிச்சுக்கும்னு ஒருத்தர் சொல்றாரு, அது சரியா வருமா? டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில டேட் முடிஞ்ச ஃபியூஜி 64டி டங்ஸ்டன் ஒண்ணு கெடக்கு, மேடைக்கு அதுதான் சரின்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்றாரு. அதோட 80ஏ ப்ளூ ஃபில்டர் வாங்கணுமா வேணாமா, மீட்டர எங்க புடிச்சுப் பாக்குறது, எல்லாத்தையும் சொல்லுங்கண்ணே.

ஜிகர்தண்டா_செட்:
மாப்ள எதுக்கு இம்புட்டு வம்பு, சினிஸ்டில் 800டி ஒரு ரோல் போடு, இல்ல டிஜிட்டல்ல 3200 ஐஎஸ்ஓ வச்சு அடிச்சுட்டுப் போயிட்டே இரு. ரோல் காசு, கழுவுற காசு, கூரியர் எல்லாம் சேத்தா ஒரு ரோலுக்கு மூவாயிரத்தத் தாண்டிரும், 36 படத்துக்கு இது தேவையா

ஒத்தக்கடை_ரீல்:
800டி நெகட்டிவ் பங்காளி. அத புரொஜக்டர்ல மாட்டுனா முருகன் பேய் மாதிரி தெரிவாரு.

ஈஆறு_திருநகர்:
அது மட்டுமில்ல, 800டிங்கிறது கொடாக்கோட சினிமா பிலிம் 500டிதான், பின்பக்கம் இருக்க கருப்புக் கோட்டிங்க எடுத்துட்டு விக்கிறாய்ங்க. அந்தக் கோட்டிங் இல்லாததால பளீர்னு எரியிற லைட் ஃப்ரேமுக்குள்ள வந்தா சுத்தி செவப்பா ஒளிவட்டம் கட்டும். நாடக மேடையில தலைக்கு மேல வரிசையா லைட்டு தொங்கும், நெனச்சுப் பாருங்க. சில பேருக்கு அது புடிக்கும், எனக்குப் புடிக்காது.

ஸ்டுடியோ_பெரியவர்:
தம்பி, ஸ்லைடுல எடுக்குறேன்னு சொன்னதே சந்தோஷம். ஒரு காலத்துல வாரப் பத்திரிகை அட்டைக்கெல்லாம் ஸ்லைடுதான் கேப்பாங்க, நெகட்டிவ் பிரிண்ட கொண்டுபோனா மொகத்தச் சுளிப்பாங்க. எங்களுக்கு ஆரம்பத்துல கெடச்சது ஓர்வோகுரோம் யூடி18, 50 ஏஎஸ்ஏ, அத வச்சு மேடையில ஒண்ணும் பண்ண முடியாது. பொறவுதான் டங்ஸ்டன் ஸ்லைடுன்னு தனியா வந்தது, எக்டாகுரோம் 160டி, 320டி, ஃபியூஜி 64டி, 3எம் கம்பெனிக்காரன் 640டின்னே ஒண்ணு போட்டான், பருப்பு பருப்பா கிரெய்ன் தெரியும் ஆனா இருட்டுல படம் விழும். எல்லாம் 3200 கெல்வின் (லைட்டோட கலருக்கு அளவு) லைட்டுக்குன்னு செஞ்சது, அதாவது ஹாலோஜன், சபா மேடையில அடிக்கிற ஸ்பாட் லைட். டேலைட் பிலிம, அதாவது பகல் வெளிச்சத்துக்குன்னு செஞ்சத, அந்த லைட்டுல போட்டா மொகமெல்லாம் ஆரஞ்சா வரும், டங்ஸ்டன் பிலிம் போட்டா வெள்ளை வேட்டி வெள்ளையாவே வரும். கடைக்காரர் சொன்னது அந்தக் கணக்குலதான். இப்ப அதுல எதையும் புதுசா செய்றதில்ல. எக்டாகுரோமே 2012ல மொத்தமா நின்னு போயி 2018ல ஈ100ன்னு திரும்பி வந்தது, அதுவும் டேலைட்தான்.

முக்கியமான விஷயத்தச் சொல்லிட்றேன். ஸ்லைடுக்கு வெளிச்சத்தத் தாங்குற எல்லை ரொம்பக் குறுகல், மேல கீழ எல்லாம் சேத்து அஞ்சு ஸ்டாப், மிஞ்சிப் போனா ஆறு (ஒரு ஸ்டாப் ஏறுனா வெளிச்சம் ரெட்டிப்பு, எறங்குனா பாதி). நெகட்டிவ்ல ரெண்டு ஸ்டாப் ஓவர் ஆனாலும் லேப்காரன் காப்பாத்திடுவான். ஸ்லைடுல ஓவர் ஆன எடம் வெறும் கண்ணாடி, அங்க ஒண்ணுமே இருக்காது, புரொஜக்டர் போட்டா வேட்டியில விழுற வெத்து வெளிச்சம்தான். அதனால நெகட்டிவுக்கு நெழலப் பாத்து எக்ஸ்போஸ் பண்ணுவோம், ஸ்லைடுக்கு வெளிச்சத்தப் பாத்து பண்ணணும். மேடைக்கு அதுவே வசதி. மொகம் சரியா விழுந்துட்டா பின்னாடி இருட்டாப் போனா போகட்டும், இருட்டு இருந்தாத்தான் அது நாடகம்.

வெல்வியா 50 மேடைக்கு வேண்டாம். மலை, வயக்காடு, கோபுரம்னா போடு. மனுஷ மொகத்துல செவப்ப ஏத்திரும், போதாததுக்கு நாடகக்காரங்க ஏற்கனவே ரோஸ் பவுடர் பூசியிருப்பாங்க, ரெண்டும் சேந்தா தக்காளிதான். ஸ்பீடும் பத்தாது.

மேடையில ஹாலோஜன் லைட்டுன்னா அந்த 64டிய யோசிக்கலாம், ஆனா டேட் முடிஞ்ச ஸ்லைடு எப்ப எந்தக் கலருக்குச் சாயும்னு சொல்ல முடியாது. மொதல்ல அங்க என்ன லைட்டு கட்டுறாங்கன்னு விசாரி.

மைக்செட்_மேலூர்:
நான் போட்டோக்காரன் இல்லைங்க, ரேடியோ செட்டு கட்டுறவன், தம்பி ஊருப் பேரச் சொல்லலைனாலும் அந்தப் பக்கம் பூராம் நாங்கதான் கட்டுறோம் அதான் எழுதுறேன். நாடக மேடையில ஹாலோஜன் இப்ப கெடையாது. ஹாலோஜன் முன்னாடி சனம் உக்கார்ற மந்தைக்கு அடிப்போம், அதுவும் இப்ப எல்ஈடி ஃப்ளட் ஆயிருச்சு. மேடைக்கு மேல குறுக்குக் கம்புல நாலு டியூப்லைட்டு, மேடை முன்னாடி ரெண்டு பக்கக் கம்புலயும் செங்குத்தா ஒவ்வொண்ணு. பாதி எடத்துல பழைய சோக் போட்ட டியூப்பு, பாதி எடத்துல எல்ஈடி டியூப்பு. பபூன் வந்து டான்ஸ்காரம்மாவோட ஆடுற நேரத்துக்கு மட்டும் கலர் மாறுற எல்ஈடி பார் லைட் ரெண்டு போடச் சொல்வாங்க, வள்ளி வந்து ஆலோலம் பாட ஆரம்பிச்சா அத ஆஃப் பண்ணச் சொல்லிருவாங்க, கண்ணு கூசுதுன்னு ராஜபார்ட்டே வைவாரு. அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் டியூப்லைட்டுதான், ஒரு மாத்தமும் இருக்காது.

ஸ்டுடியோ_பெரியவர்:
இது போதும்யா, பாதிக் கேள்வி தீந்துச்சு. நம்ம ஊருல விக்கிற டியூப்லைட்டு பெரும்பாலும் கூல் டேலைட், 6500 கெல்வின். அங்க 64டி போட்டா வள்ளி நீலமா வருவா, அத சரிக்கட்ட 85பி ஃபில்டர் மாட்டுனா இருக்க 64லயும் முக்கா ஸ்டாப் போயிரும். டங்ஸ்டன மறந்துரு. டேலைட் பிலிம்தான்.

80ஏயும் வேண்டாம். அது ஹாலோஜன் லைட்டுல டேலைட் பிலிம் போடுறவனுக்கு, அதுலயும் ரெண்டு ஸ்டாப் முழுங்கிரும். மேடையில ரெண்டு ஸ்டாப்புங்கிறது சொத்த எழுதிக் குடுக்குற மாதிரி.

ஒத்தக்கடை_ரீல்:
மைக்செட் அண்ணே, பெரியவரே, ரொம்ப நன்றி. அப்ப ஃபில்டர் ஒண்ணுமே வேணாமா? டியூப்லைட்டுல பச்சை அடிக்கும்னு எங்கயோ படிச்ச ஞாபகம்.

நெழலாட்டம்:
பச்சை அடிக்கும்தான். டியூப்லைட் நம்ம கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும், பிலிமுக்குப் பச்சை தூக்கலா இருக்கும், ஸ்லைடுல அத அப்புறம் திருத்த வழியும் இல்ல. அதுக்குன்னு எஃப்எல்-டின்னு லேசா ரோஸ் கலர்ல ஒரு ஃபில்டர் வரும், சுமாரா ஒரு ஸ்டாப் சாப்பிடும். 20எம் மெஜந்தா ஜெலட்டின் கெடச்சா இன்னும் நல்லது, மூணுல ஒரு பங்கு ஸ்டாப்புதான் போகும். நான் லட்சுமி சுந்தரம் ஹால்ல பரதநாட்டியம் எடுக்குறவ, அங்க பிரச்சனை வேற, ஆனா ஊர்ப் பக்கம் கரகாட்டம் எடுக்கப் போறப்ப டியூப்லைட்டுன்னா மெஜந்தா இல்லாம போறதில்ல.

ஆனா தம்பி ஒண்ணு யோசிங்க. ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டுறதுக்குத்தான எடுக்குறீங்க, இருட்டுல உக்காந்து பாக்குறப்ப கண்ணு ரெண்டு நிமிஷத்துல பழகிரும், லேசான பச்சை தெரியாது. ப்ரோவியா, ஈ100 ரெண்டுமே அந்தக் காலத்து ஸ்லைடு அளவுக்கு டியூப்லைட்டுல கெட்டுப் போறதில்ல. வெளிச்சம் பத்தலைன்னா ஃபில்டரத் தூக்கிப் போட்டுட்டு ஸ்பீட வச்சுக்கோங்க. அசைஞ்ச மொகத்த விடப் பச்சை மொகம் தேவலாம்.

ஜிகர்தண்டா_செட்:
அக்கா கடைசி லைன் 😂

ஒத்தக்கடை_ரீல்:
சரிக்கா. அப்ப ஈ100ஆ ப்ரோவியாவா?

நெழலாட்டம்:
எனக்கு மேடைக்கு ப்ரோவியா. கான்ட்ராஸ்ட் அடக்கமா இருக்கும், ரெண்டு ஸ்டாப் வரைக்கும் தள்ளிக் கழுவலாம்னு (வெளிச்சம் கம்மியா எடுத்துட்டு கழுவுறப்ப ஈடுகட்டுறது) ஃபியூஜியே சொல்லியிருக்கான். ஈ100 மொகத்துக்கு அழகுதான், கிரெய்னும் மெல்லிசு, ஆனா நெழலு கொஞ்சம் நீலமா போகும், மேடைக்குப் பின்னாடி காட்டு சீன் தொங்கவிட்டு பச்சையும் நீலமுமா இருக்கப்ப எனக்கு அது ஒத்துக்கல. இது என் கண்ணுக்கு, இன்னொருத்தருக்கு மாறும். எது கைக்குக் கெடைக்குதோ அத வாங்குங்க, ரெண்டு ரோலும் ஒரே வகையா இருக்கட்டும், போட்டுக் காட்டுறப்ப ஒண்ணுக்கொண்ணு கலர் மாறாது.

ஈஆறு_திருநகர்:
தள்ளிக் கழுவுறதப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா வீட்டுலயே ஈ-6 (ஸ்லைடு பிலிம் கழுவுற முறை) கழுவுறவன். புஷ்ங்கிறது மாயமெல்லாம் இல்ல, மொத டெவலப்பர்ல கூட நேரம் ஊறப் போடுறதுதான். வழக்கமா 38 டிகிரில 6 நிமிஷம், ஒரு ஸ்டாப் தள்ளுனா 8 நிமிஷத்துக்குப் பக்கத்துல, ரெண்டு ஸ்டாப்னா 11 நிமிஷத்துக்குப் பக்கத்துல, கிட்டுக்குக் கிட்டு கொஞ்சம் மாறும். மத்த கெமிக்கல் நேரம் எதையும் மாத்துறதில்ல. 38ங்கிறது 38தான், அரை டிகிரி ஏறுனாலே கலர் ஆடும், சித்திரை வெயில்ல நம்ம ஊரு டேங்க்ல தண்ணியத் தெறந்தா சுடத்தண்ணிதான் வரும், ஐஸ் போட்டுத்தான் கழுவுற தண்ணிய எறக்க வேண்டியிருக்கு.

ஆனா எல்லாரும் மறக்குற விஷயம் என்னன்னா, நெகட்டிவத் தள்ளுனா கெட்டி ஆகும், ஸ்லைடத் தள்ளுனா கருப்பு வெளிறும். கூட நேரம் ஊறுனா எக்ஸ்போஸ் ஆகாத எடத்துலயும் கொஞ்சம் வெள்ளி டெவலப் ஆயிரும், அந்த எடத்துல அப்புறம் டை கம்மியா சேரும், அதனால திக்குக் கருப்பு போயி காப்பிப் பொடி மாதிரி ஒரு பழுப்பு நிக்கும். போன்ல ஸ்கேன் பண்ணிப் பாக்குறவனுக்கு அது பெருசாத் தெரியாது. புரொஜக்டர்ல நைட்டு போட்டுப் பாக்குறவனுக்கு கருப்புதான் உசுரே. அதனால ஒரு ஸ்டாப்போட நிறுத்திக்கணும்ங்கிறது என் கட்சி. ரெண்டு ஸ்டாப் பத்திரிகைக்கு எடுத்தவங்க பண்ணுனது, அவங்களுக்குப் படம் அச்சாகுனா போதும்.

இன்னொண்ணு, தள்ளுனா ரோல் முழுசும் தள்ளணும். நடுவுல நாலு படம் மட்டும்ங்கிற பேச்சே இல்ல. கடைசிப் படத்த எடுத்து முடிச்ச கையோட டப்பா மேல மார்க்கர்ல 200, புஷ் 1ன்னு எழுதிரு, விடியக்காலைல தூக்கக் கலக்கத்துல எது எதுன்னு தெரியாமப் போயிரும்.

ஸ்டுடியோ_பெரியவர்:
ஈஆறு சொல்றது சரி. கொடாக் ஈ200ன்னு ஒண்ணு தள்ளுறதுக்குன்னே செஞ்சிருந்தான், மூணு ஸ்டாப் தள்ளுனாலும் தாங்கும், அதுவும் நின்னு போச்சு, ஃபியூஜியோட ப்ரோவியா 400எக்ஸும் போச்சு. இப்ப 100தான் உச்சம்னு வச்சுக்கிட்டுத்தான் யோசிக்கணும்.

ஒத்தக்கடை_ரீல்:
அப்ப எக்ஸ்போஷர் எம்புட்டு வரும்னு ஒரு தோராயம் சொல்லுங்களேன், 105 எஃப்2.5ல எடுக்க முடியுமா முடியாதான்னு தெரியணும்.

நெழலாட்டம்:
தோராயம்தான், போயி மீட்டர் பாக்காம இத வேதமா எடுத்துக்காதீங்க. சபாவுல நல்ல ஸ்பாட் லைட்டு விழுந்தா 100 ஐஎஸ்ஓவுக்கு லென்ஸ் தொறப்பு எஃப்2.8ல 1/60 செகண்டு வரைக்கும் கெடைக்கும். ஊர் மேடையில நாலஞ்சு டியூப்லைட்டுன்னா அதவிட ரெண்டு ஸ்டாப் கம்மி, அதாவது எஃப்2ல 1/30. ஒரு ஸ்டாப் தள்ளி 200ன்னு வச்சா எஃப்2ல 1/60. உங்க 50க்கு இது நடக்கும். 105க்கு எஃப்2.5ல 1/30ன்னு வரும், மோனோபாட்ல வச்சாலும் ஆள் ஆடாம நிக்கிற நேரத்துக்கு மட்டும்தான்.

மைக்செட்_மேலூர்:
நான் ஒண்ணு கேக்கவா, வெளிச்சம் பத்தலைன்னுதான இம்புட்டு நேரம் பேசுறீங்க. முன்கம்புல ஒண்ணுக்கு ரெண்டா டியூப்லைட்டக் கட்டிட்டாப் போச்சு, மேல நாலுக்குப் பக்கத்துல இன்னொரு நாலு. வயர் இருக்கு, கம்பு இருக்கு. கமிட்டிக்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு டியூப்புக்கு வாடகை குடுத்தாப் போதும், ஒரு ரோலு காசுல கால்வாசி கூட ஆகாது.

ஈஆறு_திருநகர்:
😳 அண்ணே கோயில் கட்டணும் உங்களுக்கு

ஸ்டுடியோ_பெரியவர்:
நாங்கெல்லாம் பத்து வகை பிலிமப் பேசுனோம், இவரு ஒரே வரியில முடிச்சுட்டாரு. டியூப்பு ரெட்டிப்பானா வெளிச்சம் ஒரு ஸ்டாப் ஏறுச்சுன்னு அர்த்தம். தள்ளாமலே 100ல எஃப்2, 1/60 கெடைக்கும். கருப்பும் கருப்பாவே நிக்கும். பிலிமத் தேடி அலையிறத விட்டுட்டு வெளிச்சத்தப் போயி கேக்கணும்னு இத்தன வருசம் எவனுக்கும் தோணல பாரு.

ஆனா மைக்செட், எல்லா டியூப்பும் ஒரே வகையா இருக்கணும். பாதி கூல் டேலைட் பாதி மஞ்சள்னு கலந்துட்டா ஒரு கன்னம் ஒரு கலர் மறு கன்னம் ஒரு கலர்னு விழும், அத எந்த ஃபில்டராலயும் சரி பண்ண முடியாது.

மைக்செட்_மேலூர்:
ஒரே பொட்டியில எடுத்துக் கட்டிர்றேன். எல்ஈடி டியூப்பா சோக் டியூப்பா?

ஈஆறு_திருநகர்:
இது முக்கியமான கேள்வி. பழைய சோக் டியூப்பு கரண்டு 50 ஹெர்ட்ஸ்ங்கிறதால செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. 1/60ல எடுத்தா மினுக்கல் ஒண்ணும் பாதியும் உள்ள வந்துரும், பெருசா வித்தியாசம் இல்ல. 1/125, 1/250ன்னு போனா ஒரு படம் வெளிச்சமா ஒரு படம் மங்கலா, சில சமயம் ஃப்ரேமுக்குள்ளயே ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம் பழுப்புன்னு பட்டை விழும். ஷட்டர் திரை ஓடுற நேரத்துல லைட்டு மாறிக்கிட்டே இருக்கதால வர்ற கோளாறு அது. எல்ஈடில நல்ல டிரைவர் இருந்தா மினுக்கல் இல்ல, மட்டமான டிரைவர்னா சோக்க விட மோசம். போன் கேமராவத் தொறந்து டியூப்புக்கிட்டப் புடிச்சுப் பாருங்க, ஸ்க்ரீன்ல வரி வரியா ஓடுனா அந்த டியூப்பு வேணாம். எதுவா இருந்தாலும் தம்பி, 1/60க்கு மேல ஏறாத.

மைக்செட்_மேலூர்:
எங்ககிட்ட இருக்க எல்ஈடி டியூப்ப இப்பவே போன்ல பாத்தேன், வரி ஓடல. ஆனா ஒண்ணு, நடுராத்திரி கரண்டு போயி ஜெனரேட்டர்ல ஓடுனா ஹாலோஜன்னா மங்கி மஞ்சளாயிரும், எல்ஈடி டியூப்பு அப்படி மாறாது, வேணா ஒரு தடவ மறுபடி மீட்டர் பாத்துக்கங்க.

ஒத்தக்கடை_ரீல்:
அண்ணே உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இனி மீட்டர். எஃப்எம்2ல ஸ்பாட் மீட்டர் கெடையாது, நடுவட்டத்துக்கு நூத்துக்கு 60 பங்கு கணக்கு வைக்கும். முழு மேடைய அளந்தா பின்னாடி இருட்டு சேந்து மொகம் ஓவர் ஆயிரும்ல?

நெழலாட்டம்:
ஆகும், கண்டிப்பா ஆகும். புதுசா மேடைக்கு ஸ்லைடு எடுக்குறவங்க படம் பூராவும் மொகம் சுண்ணாம்பா வர்றதுக்கு அதுதான் காரணம். உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, லைட்டு ராத்திரி பூராம் மாறாது. அதனால ஒரே ஒரு தடவ ஒழுங்கா அளந்துட்டா கேமரால வச்சது வச்சபடி இருக்கட்டும், மீட்டர் பக்கம் திரும்பியே பாக்காதீங்க. சபாவுல எங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்ல, லைட்மேன் ஒரு வர்ணத்துக்குள்ள அஞ்சு தடவ மாத்துவாரு.

எப்படி அளக்குறதுன்னா, நாடகம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக் டெஸ்ட் பண்ற நேரத்துல மேடை ஏறி, நடிகர் நின்னு பாடுற எடத்துல, தொங்குற மைக்குக்குக் கீழ, உங்க உள்ளங்கைய மந்தையப் பாத்துத் திருப்பி வச்சு ஃப்ரேம் முழுக்க உள்ளங்கையா வர்ற மாதிரி அளந்துக்கோங்க. கேமரா நெழலு கையில விழக்கூடாது. உள்ளங்கை மீட்டர் நெனைக்கிற சாம்பல விட ஒரு ஸ்டாப் வெளுப்பு, அதனால மீட்டர் சொல்றதுக்கு ஒரு ஸ்டாப் தொறங்க. 1/125ன்னு காட்டுனா 1/60. கறுப்போ செவப்போ, உள்ளங்கை எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே வெளுப்புதான்.

அப்புறம் ஆள் வந்ததும் 105 மாட்டி மொகத்த மட்டும் அடைச்சு ஒரு தடவ சரி பாத்துக்கோங்க. நம்ம ஊரு மாநிறத்துக்கு மீட்டர் சொல்றத அப்படியே வைக்கலாம். ஆனா அரிதாரம் பூசுன மொகம் வெளுப்பு, ஸ்திரீபார்ட்டுக்கு அரை ஸ்டாப்புல இருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் தொறக்கணும், மீட்டர நம்புனா வள்ளி பூசுன பவுடர் எல்லாம் வீண், சாம்பலா வருவா. ராஜபார்ட் உடுப்புல ஜிகினாவும் கிரீடத்துல கண்ணாடிக் கல்லும் மின்னும், அது வெள்ளையா எரிஞ்சு போகும், போகட்டும் விடுங்க, அது எரிஞ்சாத்தான் ஜிகினா. நாரதர் வெள்ளை வேட்டி கட்டி வந்தா மட்டும் பாத்துக்கோங்க, மீட்டருக்கு மேல ரெண்டு ஸ்டாப் வரைக்கும் மடிப்பு தெரியும், அதுக்கு மேல போனா வேட்டி வெத்துக் கண்ணாடி. சந்தேகமா இருந்தா கால் ஸ்டாப் மூடிக்கோங்க.

ஜிகர்தண்டா_செட்:
டிஜிட்டல் ஒண்ணு கூட கொண்டு போயி டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்ல, நான் என்னோடத குடுக்குறேன்டா

ஸ்டுடியோ_பெரியவர்:
தாராளமா. நாங்க போலராய்டு பேக் மாட்டிப் பாத்த வேலைய அது பண்ணும். ஜேபெக்ல வெளிச்சம் எங்க எரியுதோ ஸ்லைடுலயும் ஏறக்குறைய அங்கதான் எரியும். ஐஎஸ்ஓ 100 வச்சு பாரு, ஆட்டோ வெச்சிராத.

ஒத்தக்கடை_ரீல்:
பபூன் டான்ஸ் காட்சி? அங்கதான கலர் லைட்டு.

ஈஆறு_திருநகர்:
கலர் மாறுற எல்ஈடி பார்ல தனிச் செவப்பு வந்தா பிலிம்ல ஒரு லேயருக்குத்தான் வேல, மூக்கு எது கன்னம் எதுன்னு தெரியாம ஒரே செவப்புக் கட்டியா விழும். நீலம் அதவிட ஏமாத்தும், கண்ணுக்கு மங்கலாத் தெரியும், பிலிமோட நீல லேயருக்கு அது பளீர்னு அடிக்கும். பொறுமையா இருந்து வெள்ளையோ மஞ்சளோ சுத்தி வர்ற நேரத்துல மட்டும் அடி. இல்லைன்னா டான்ஸ்ல ரோல வீணாக்காத, நாலஞ்சு படத்தோட வச்சுக்க.

மைக்செட்_மேலூர்:
பார் லைட்ட ஆட்டோல போட்டா வேகமா மாறும், நான் மெதுவா மாறுற மாதிரி வச்சுர்றேன். பபூன்காரர் வெள்ளையில நிறுத்துனா கோவிச்சுக்க மாட்டாரு, டான்ஸ்காரம்மாதான் கலர் வேணும்பாங்க.

வைகை_தென்கரை:
இழைய இப்பதான் பாத்தேன். எங்க தாத்தா நாடகத்துல மிருதங்கம், அந்தப் பழக்கத்துல சொல்றேன், ஃப்ளாஷ் மட்டும் அடிச்சுராதீங்க, தர்க்கம் நடக்குறப்ப கண்ணுல பளீர்னு அடிச்சா வசனம் தட்டுனாலும் தட்டும். உக்கார்ற எடம் ஹார்மோனியம் இருக்க பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முன்வரிசை. நடிகர்கள் பாதி நேரம் ஹார்மோனியக்காரரப் பாத்துத்தான் பாடுவாங்க, நீங்க அவரு பக்கம் உக்காந்தா மொகம் கெடைக்கும்னு நெனைப்பீங்க, கெடைக்கும், ஆனா தொங்குற மைக்கு மொகத்துக்கு நேரா வந்து மறைக்கும். எதிர்ப்பக்கம்னா முக்கா மொகம் கெடைக்கும், மைக்கும் ஒதுங்கிரும்.

அப்புறம் நேரம். பபூன், டான்ஸ் முடிஞ்சு வள்ளி தெனப்புனம் காக்க வர்றதுக்கே நடுச்சாமம் ஆகும். நாரதர் வள்ளி தர்க்கம் நீளமா போகும், ரெண்டு பேரும் நின்ன எடத்துல நிப்பாங்க, கையும் மொகமும் மட்டும்தான் ஆடும், உங்க 105க்கு அதுதான் நேரம். பாட்டுல கடைசி வார்த்தைய இழுத்து முடிச்சுட்டு மூச்சு வாங்க ஒரு நிமிட்டு நிப்பாங்க பாருங்க, கை தூக்குனது தூக்குனபடி இருக்கும், 1/60 என்ன 1/30லயே நிக்கும். வேலன் வேஷத்துல முருகன் வந்தப்புறம் ஓட்டமும் ஆட்டமும், அப்ப 50. கெழவன் வேஷம், யானை எல்லாம் முடிஞ்சு கல்யாணம் நடக்குறப்ப கெழக்க வெளுத்துரும்.

ஒத்தக்கடை_ரீல்:
விடியிற வெளிச்சமும் டியூப்லைட்டும் சேந்தா கலர் கெட்டுப் போகாதா?

நெழலாட்டம்:
டேலைட் பிலிம்தான போடுறீங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துக் கலர், பயப்படாதீங்க. வானம் மங்கலான நீலமா விழும், மேடை அதவிடக் கொஞ்சம் வெளிச்சமா நிக்கும், கொஞ்ச நேரந்தான் இருக்கும் அது. வானம் மேடையவிட வெளிச்சமாயிட்டா கேமராவ உள்ள வச்சுரலாம். அந்தக் கல்யாணத்துக்குன்னு ஆறேழு படமாச்சும் மிச்சம் வைங்க. அங்க மட்டும் அரை ஸ்டாப் மேலயும் கீழயும் வச்சு எடுங்க, மத்த எடத்துல ப்ராக்கெட் பண்ணுனா உங்க ரெண்டு ரோல் பத்தாது.

ஒத்தக்கடை_ரீல்:
அப்ப இப்படி முடிவு பண்றேன், தப்புன்னா சொல்லுங்க. ப்ரோவியா 100எஃப் ரெண்டு. டியூப்பு ரெட்டிப்பு. மொத ரோல் 100லயே, 50 லென்ஸ், எஃப்2, 1/60, பபூன்ல இருந்து வள்ளி வர்ற வரைக்கும். தர்க்கம் ஆரம்பிச்சதும் ரெண்டாவது ரோல், அத 200ஆ வச்சு ஒரு ஸ்டாப் தள்ளச் சொல்றேன், 105 மோனோபாட்ல எஃப்2.8, 1/60. அதே ரோல்ல 50 மாட்டி வேலன் ஓட்டத்துக்கும் கல்யாணத்துக்கும். மெஜந்தா ஃபில்டர் இல்ல.

ஈஆறு_திருநகர்:
கணக்கு சரி. 50 மாட்டுறப்பவும் எஃப்2.8தான், எஃப்2க்குத் தொறந்துராத. ரெண்டாவது ரோல் போட்டதும் ஏஎஸ்ஏ டயல 200க்குத் திருப்பு, அத மறந்தா மீட்டர் பாக்குறப்ப கொழப்பும். தள்ளுற ரோலோட மொத மூணு படத்துல மேடைய சும்மா எடுத்து வை, லேப்ல முன்பக்கம் கொஞ்சம் வெட்டிக் கழுவிப் பாத்துட்டு மிச்சத்துக்கு நேரம் கூட்டவா கொறைக்கவான்னு கேப்பாய்ங்க. கேக்காத லேப்னா நீயே சொல்லு. தள்ளுற ரோல என்கிட்டக் குடுத்தாலும் சரி, திருநகர் வந்துரு.

ஸ்டுடியோ_பெரியவர்:
பத்திரிகைக்குன்னா மூணுல ஒரு பங்கு ஸ்டாப் அண்டர் வைக்கச் சொல்லுவேன், அச்சுல கலர் கெட்டியா விழும். உனக்கு புரொஜக்டர், அதுவும் மந்தையில, தெருவிளக்கெல்லாம் இருக்கும், பல்பும் பழசு, மங்கலான ஸ்லைடு எடுபடாது. மீட்டர் சொன்னதுக்குக் கீழ போகாத. பல்பு ஒண்ணு உபரியா இப்பவே தேடி வை, கொடாக் ஸ்லைடு புரொஜக்டர் செய்றத 2004லயே நிறுத்திட்டான். ஸ்லைடு ஃப்ரேம் என்கிட்ட பிளாஸ்டிக்ல ஒரு பொட்டி கெடக்கு, வந்து எடுத்துக்க, காசு வேண்டாம்.

பிலிம பிரிட்ஜ்ல வச்சிருந்தா கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வச்சுட்டு அப்புறம் டப்பாவத் தொற, இல்லைன்னா வேர்த்துரும். வண்டி டேங்க் கவர்ல வச்சு மத்தியான வெயில்ல ஓட்டிட்டுப் போகாத.

மைக்செட்_மேலூர்:
தம்பி கமிட்டித் தலைவர்கிட்ட நான் பேசிட்டேன், டியூப்பு கூடக் கட்டுறதுல அவருக்குச் சந்தோசந்தான், வீடியோக்காரரும் கேட்டுக்கிட்டு இருந்தாராம். வாடகைய ரெண்டு பேரும் பாதி பாதி போட்டுக்கங்க. ஒன்பது மணிக்கு மைக் டெஸ்ட், உள்ளங்கையக் கொண்டுக்கிட்டு அதுக்குள்ள வந்துருங்க.